சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து டிசைன் தொழில் தொடங்க: நான் அலைந்தது போதும், நீங்கள் அலைய வேண்டாம்

அப்பா பால்மரம் வெட்டியவர், தோட்டம் செம்பனைக்கு மாறியதும் லோரிக்குப் போனார். நான் ஈப்போவில் கிராஃபிக் டிசைன் படித்துவிட்டு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற சுங்கை சிப்புட்டுக்கே திரும்பி வந்து, வீட்டு முன்னறையில் ஒரு கணினியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா பேனர், பூக்கடைக்கு நேம் கார்டு, பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு டி-சட்டை என்று மூன்று வருஷம் ஓடியது. எல்லாம் கைக்காசு, எல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்) பேச்சு, ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

ஒரு தீபாவளிக்கு முன்னால் கோலாலம்பூர் விளம்பர நிறுவனம் ஒன்று தமிழ் எழுத்து வேலைக்கு என்னைத் தேடி வந்தது. விலை பேசியாகிவிட்டது, மாதிரியும் பிடித்துவிட்டது. அப்புறம் அங்கிருந்த பெண் கேட்டார்: எஸ்.எஸ்.எம். (தொழில்களைப் பதிகிற அரசு ஆணையம்) பதிவு, தொழில் பெயரில் வங்கிக் கணக்கு, கொட்டேஷன் (விலைக் குறிப்பு), மூன்றையும் இன்றைக்கு அனுப்ப முடியுமா? என்னிடம் மூன்றுமே இல்லை. ஒரு வாரம் கேட்டேன், அவர்கள் காத்திருக்கவில்லை. கோபப்படவும் முடியாது, அவர்களுக்கு அச்சுக்குப் போகிற தேதி.

அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டத்தைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். டிசைன் எப்படிச் செய்வது என்று நான் சொல்லப் போவதில்லை. தாள், காசு, நாள், இந்த மூன்றும்தான், நடுவில் தமிழ் எழுத்துக்காக மட்டும் ஒரு பகுதி. கட்டணங்கள் நான் போனபோது இருந்தவை, கட்டுவதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள்.

1. எஸ்.எஸ்.எம். பதிவு: முதல் தப்பு பெயரில்தான் நடக்கும்

தனி ஆளுக்கு சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) எல்லாம் வேண்டாம். ‘மிலிக்கான் துங்கால்’, அதாவது ஒரே உரிமையாளர் பதிவு போதும். 18 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பதியலாம். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், பதியாமல் நடத்தினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 2 வருஷம் வரை சிறை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முன்னறையில் பேனர் செய்கிறவனை யார் பிடிக்கப் போகிறார்கள் என்று நானும் நினைத்தேன். யாரும் பிடிக்கவில்லைதான், ஆனால் யாரும் பெரிய வேலையும் தரவில்லை.

மைகாட்டில் (அடையாள அட்டையில்) இருக்கிற உங்கள் பெயரே தொழில் பெயர் என்றால் வருஷத்துக்கு 30 ரிங்கிட். வேறு பெயர் வைத்தால் 60. நான் என் பெயரோடு ‘டிசைன்’ என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு 30 தான் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு சொல் சேர்ந்தாலும் அது வணிகப் பெயர், 60 கட்டு என்றார்கள். தொழில் விவரத் தாளுக்கு 10 ரிங்கிட் தனி. ஒரே தடவையில் 5 வருஷம் வரை கட்டலாம், ஆனால் முதல் முறை 1 வருஷத்துக்கு மட்டும் கட்டுங்கள், ஏனென்றால் ஆசையாக வைத்த பெயர் ஆறு மாசத்தில் நமக்கே பிடிக்காமல் போகும் (என் முதல் பெயரை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது). கல்லூரியில் முழுநேரம் படிக்கிறவர்களுக்கும் பி40 (குறைந்த வருமான) குடும்பத்தாருக்கும் கட்டணம் இல்லாத பதிவுத் திட்டத்தை எஸ்.எஸ்.எம். நடத்தி வந்திருக்கிறது. கவுண்டரில் உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள், கேட்காதவர்களுக்கு யாரும் தாமாகச் சொல்வதில்லை.

கையில் இருக்க வேண்டியவை: மைகாட், தொழில் முகவரி, தொடங்கிய தேதி, என்ன தொழில் என்பது. பார்க்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் முகவரியில் ஒரு சிக்கல் உண்டு. தோட்ட நிர்வாகம் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற லயன் வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் அந்த வீடு உங்களுடையது இல்லை. வேலை விட்டால் வீடும் போகும், அப்போது சான்றிதழ், வங்கி, வரி எல்லாவற்றிலும் முகவரி மாற்ற வேண்டி வரும். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிற அத்தை வீடோ அக்கா வீடோ கிடைத்தால் அவர்களிடம் கேட்டுக்கொண்டு அதைப் போடுங்கள்.

தொழில் வகைக்குக் குறியீட்டு எண் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். 74 என்று தொடங்குவதில் வடிவமைப்பு இருக்கிறது, 73-இல் விளம்பரம், 18-இல் அச்சு. நான் வடிவமைப்பை மட்டும் போட்டுவிட்டு வந்தேன். பிறகு ஒருவர் அச்சையும் நீங்களே எடுத்துச் செய்யுங்கள் என்றபோது பதிவில் அச்சு இல்லை, மறுபடி ஒரு போராங் (படிவம்), மறுபடி ஒரு பயணம். செய்யப்போகிற எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் போடாதீர்கள்: ‘இன்டீரியர் டிசைனர்’. நம் நாட்டில் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள லெம்பாகா ஆர்கிடெக் மலேசியாவில் (கட்டடக் கலைஞர் வாரியத்தில்) பதிந்திருக்க வேண்டும். கடைக்கு உள்ளே சுவர் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்ததற்காக நேம் கார்டில் இதைச் சேர்த்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பதிவை எஸ்.எஸ்.எம்.-இன் ‘ஈஸிபிஸ்’ (EzBiz) இணையத்தளத்தில் வீட்டில் இருந்தே செய்யலாம். கணக்கை உறுதிப்படுத்துகிற கட்டத்தில் நான் மாட்டிக்கொண்டு, கடைசியில் ஈப்போ கிளைக்கே போனேன். போனது வெள்ளிக்கிழமை. பசியாறிவிட்டு நிதானமாகக் கிளம்பி, பேருந்து பிடித்து, பன்னிரண்டரைக்கு வாசலில் நின்றேன். வெள்ளிக்கிழமைகளில் பேராக்கில் அரசு அலுவலகங்களின் மதிய இடைவேளை 12.15-இல் இருந்து 2.45 வரை. தெரிந்த விஷயம்தான், அன்றைக்கு மறந்துவிட்டது. செவ்வாய், புதன் காலையில் போங்கள். காசு கட்டிய அன்றே என் சான்றிதழ் கைக்கு வந்தது.

2. வங்கிக் கணக்கும் ரசீதும்

எஸ்.எஸ்.எம். சான்றிதழ், விவரத் தாள், மைகாட் மூன்றும் இருந்தால் தொழில் கணக்குத் திறக்கலாம். கணக்கில் எவ்வளவு போட்டு வைக்கச் சொல்வார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும், நம் பட்டணத்திலேயே இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ரப்பர் முத்திரை கேட்பார்கள், அதை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கணக்குத் திறந்து முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, அதனால் வேலை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கொட்டேஷன், இன்வாய்ஸ், ரசீது மூன்றுக்கும் வரிசை எண் போடுங்கள். முதல் இன்வாய்ஸில் எண் 1 என்று போடக் கூச்சமாக இருந்தால் 101-இல் தொடங்குங்கள், எல்லாரும் அப்படித்தான்.

3. தமிழ் உடையாமல் அச்சேற வேண்டும்

இதைத் தாள் வேலைக்கு நடுவில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தலைநகரத்தில் டிசைனர்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த டிசைனர்களுக்குத்தான் பஞ்சம். கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நிற்கிற தீபாவளி வாழ்த்துப் பலகையைப் பேரங்காடியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்ததுதான் நம் கைச்சரக்கு, அதை வைத்துத்தான் உள்ளே போக வேண்டும்.

முதலில் மென்பொருள். இல்லஸ்ட்ரேட்டரை அப்படியே திறந்து யூனிகோட் தமிழை ஒட்டினால் ‘கொ’ உடைந்து போகும். பிரிஃபரன்சஸில் ‘டைப்’ என்ற பகுதிக்குப் போய் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தட்டுங்கள், பிறகு பாராகிராஃப் பலகையின் மூலைப் பட்டியலில் மத்தியக் கிழக்கு, தெற்காசிய எழுத்துக்கான கம்போசரை (எழுத்துகளைக் கோத்து வைக்கிற அமைப்பை) தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் இதற்குப் பெயர் ‘வேர்ல்ட்-ரெடி’. ஃபோட்டோஷாப்பிலும் டைப் அமைப்பில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு வருஷம் ஒவ்வொரு கொம்பையும் கையால் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள்.

பழைய பிரிண்டிங் கடைகளில் இன்னும் பாமினி மாதிரி எழுத்துருக்கள் ஓடுகின்றன. அதில் தட்டச்சு செய்தது உண்மையில் ஆங்கில எழுத்துத்தான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகக் கொட்டும். அதனால் அச்சுக்குப் போகிற பிரதியில் எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிவிட்டு அனுப்புங்கள், திருத்தக்கூடிய பிரதியை உங்களிடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவுட்லைன் செய்த பிறகு வாடிக்கையாளர் ஒரு எழுத்தை மாற்றச் சொல்வார். கட்டாயம் சொல்வார்.

எழுத்துருவுக்குக் காசு கட்ட முடியாத காலத்தில் கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கிற நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான், பாலூ தம்பி, பவனம் இவற்றை எடுத்துக்கொள்ளலாம். திறந்த உரிமத்தில் வருபவை, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. மேக் கணினி வைத்திருப்பவர்கள் ‘தமிழ் எம்.என்.’ என்ற எழுத்துருவைப் பார்த்திருப்பீர்கள், அந்த எம்.என். நம் நாட்டு முத்து நெடுமாறனின் பெயர்தான். முரசு அஞ்சல் செய்தவர். எழுத்துரு வேலையில் இறங்க நினைக்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

எந்த எழுத்துருவை எடுத்தாலும் முதலில் ‘ஸ்ரீ’ என்று அடித்துப் பாருங்கள். நமக்குப் பாதி வேலை கோயில் வேலை, கோயில் பெயரில் ஸ்ரீ வராமல் இருக்காது. அந்த எழுத்தை ‘ஸ’ வைத்தும் எழுதலாம், ‘ஶ’ வைத்தும் எழுதலாம், யூனிகோடில் இரண்டு வழி. சில எழுத்துருக்கள் ஒரு வழியை மட்டும்தான் சேர்த்துக் காட்டும், மற்றதை உடைத்துவிடும். அப்புறம் ‘கௌ’. பின்னால் வருவது ‘ள’ எழுத்தா கௌவின் குறியா என்று பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

கணினித் திரையில் நன்றாக இருப்பது பலகையில் இருக்காது. போலி போல்டு (மென்பொருளே எழுத்தைத் தடிப்பாக்குவது) போட்டால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்குச் செய்வது போல எழுத்துக்கு நடுவே இடைவெளியை இழுத்தால் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி நிற்கும். வினைல் வெட்டும் இயந்திரத்தில் புள்ளி சின்னதாக இருந்தால் ஒட்டும்போதே கழன்று விழும், இரண்டு மழைக்குப் பிறகு ‘பால்’ கடை ‘பால’ கடை ஆகிவிடும். பாக்ஸ் அப் எழுத்து (பெட்டி போல முன்னே புடைத்து நிற்பது) என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி ஆணி, தனி காசு, அதையும் கொட்டேஷனில் சேர்த்துவிடுங்கள்.

4. கோப்பை அனுப்புவதற்கு முன் ஒரு பக்கத் தாள்

நான் பட்டதிலேயே பெரிய அடி இங்கேதான். பட்டணத்தில் ஒரு கடைக்கு லோகோ செய்து கொடுத்தேன், 250 ரிங்கிட். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அது அவர்கள் லோரியில், இன்னொரு ஊர்க் கிளையில், மசாலா பாக்கெட்டில், அதுவும் யாரோ நிறத்தை மாற்றிக் கெடுத்து வைத்திருந்தார்கள். போய்க் கேட்டேன். “தம்பி, காசு குடுத்தாச்சுல்ல, அப்புறம் என்ன?” என்றார் கடைக்காரர். அண்ணே, பாக்கெட்டுக்குத் தனிக் காசு என்று நான் இழுக்க, அவர் எனக்கு ஒரு மைலோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடினேன், அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு இதைப் பேசுகிறது. ஒருவர் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் பதிப்புரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லை என்றால், செய்யச் சொன்னவருக்கே போய்விட்டதாகக் கொள்ளப்படும். வரைந்தவன்தான் சொந்தக்காரன் என்று இணையத்தில் நீங்கள் படித்தது வேறு நாட்டுக் கதையாக இருக்கலாம். இங்கே தாள் இல்லை என்றால் உரிமை இல்லை. சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று. அந்தக் கதவு வழியாகப் போவதற்கு ஒரு பக்கம் போதும்.

அந்தப் பக்கத்தில் நான் இப்போது எழுதுவது இதுதான். என்ன செய்து தருகிறேன், எத்தனை மாதிரி, எத்தனை முறை திருத்தம் (மூன்று, நான்காவதுக்குக் காசு). பாதித் தொகை முன்பணம், மீதி வந்த பிறகுதான் கடைசிக் கோப்பு. முழுத் தொகை வரும்வரை பதிப்புரிமை என்னிடமே இருக்கும், வந்த பிறகு கடைப் பலகை, நேம் கார்டு, முகநூல் ஆகியவற்றுக்குப் பயன்படுத்தும் அனுமதி அவர்களுக்கு, பாக்கெட், உடை, கிளை என்று வந்தால் தனியாகப் பேச வேண்டும். முழு உரிமையும் வேண்டும் என்றால் அதற்கு ஒரு விலை, அதுவும் அதே தாளில். என் வேலைத் தொகுப்பில் இதைக் காட்டுவேன் என்று ஒரு வரி. கீழே இரண்டு கையெழுத்து, தேதி.

மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள், அவர்களுக்குத் தமிழில் வாய்விட்டு விளக்குங்கள். தெரிந்தவர்களிடம் கையெழுத்துக் கேட்பது சங்கடம்தான். மாமா முறை ஆகிறவரிடம் ஒப்பந்தத்தை நீட்டினால் என்ன நினைப்பார் என்று எனக்கும் கை நடுங்கியது. “கணக்குக்கு வேணும் மாமா, வரிக்குக் கேப்பாங்க” என்று சொல்லிப் பாருங்கள். பொய்யும் இல்லை, வருத்தமும் இல்லை. தொகை பெரிது என்றால் கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டி வைத்துவிடுங்கள், முத்திரை இல்லாத தாளை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க முடியாது.

அதே தாளோடு இன்னொன்று: எழுத்துப் பிழை பார்த்தாகிவிட்டது என்ற கையெழுத்து. ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘மணமக்கள்’ என்பது ‘மனமக்கள்’ என்று 300 பிரதி அச்சாகிவிட்டது. அவர்கள் அனுப்பிய புலனச் செய்தியிலேயே அப்படித்தான் இருந்தது, ஆனால் திரும்ப அச்சடித்த காசு என்னுடையது. இப்போது பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பக்கமும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் எதுவும் அச்சுக்குப் போவதில்லை.

காசு வரவே இல்லை என்றால்? 5,000 ரிங்கிட் வரையிலான பாக்கிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ‘துந்துத்தான் கெச்சில்’ (சிறு கோரிக்கை) வழக்குப் போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை, போராங் 198. அந்தப் பெயரைச் சொன்னதுமே ஒருவர் எனக்குக் கட்டிவிட்டார், அதனால் உள்ளே எப்படி நடக்கும் என்று எனக்கு அனுபவம் இல்லை.

வாடிக்கையாளர்கள் கேட்கிற ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: எஸ்.எஸ்.எம்.-இல் பெயர் பதிந்துவிட்டோமே, லோகோ எங்களுக்குப் பாதுகாப்புத்தானே? இல்லை. அது தொழில் பதிவு மட்டும். லோகோவுக்கும் பெயருக்கும் வணிகச் சின்னப் பாதுகாப்பு வேண்டும் என்றால் மைஐபிஓ-வில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில்) விண்ணப்பிக்க வேண்டும். அவர்களுடைய தயார்ப் பட்டியலில் உள்ள பொருள் விவரத்தை எடுத்தால் ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 950 ரிங்கிட், நாமே எழுதினால் 1,100. கிடைத்தால் 10 வருஷம். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை, படைத்ததுமே வந்துவிடும். வேண்டுமானால் சத்தியப் பிரமாணத்தோடு மைஐபிஓ-வில் அறிவித்து வைக்கலாம், பிறகு சண்டை வந்தால் ஆதாரம்.

5. பலகை வேலை எடுத்தால்

பெயர்ப் பலகைக்கு டிசைன் செய்வதோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், கடைக்காரர்கள் லைசென்ஸையும் நம் தலையில்தான் கட்டுவார்கள். சுங்கை சிப்புட் கோலாகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. பலகை மாட்டுவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், மாட்டிவிட்டு வாங்கலாம் என்றால் இறக்கிய கூலியும் சேர்ந்துகொள்ளும்.

தேசிய மொழி பலகையில் முதன்மையாக, பெரிதாக இருக்க வேண்டும். மலாய் வாசகம் சரியா என்று தேசிய மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை, இணையத்தில் அனுப்பலாம். என் முதல் பலகையில் தமிழை அழகாகப் பெரிதாக வைத்து மலாயைக் கீழே ஒரு வரியாகப் போட்டிருந்தேன். திரும்பி வந்தது. கடைத் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, பலகை இல்லாமல்தான் ரிப்பன் வெட்டினார்கள். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் வாசகத்துக்கு மொழி ஒப்புதல், அப்புறம் அளவு குறித்த வண்ண வரைபடம், கடை முகப்புப் படம், எஸ்.எஸ்.எம். நகல், மைகாட் நகல் எல்லாம் சேர்த்து நகராண்மைக் கழகத்தில் விண்ணப்பம், அனுமதி கைக்கு வந்த பிறகே பலகைச் செலவு. திறப்பு விழாவுக்கு இரண்டு மாசம் முன்னால் தொடங்கச் சொல்லுங்கள்.

சாலையோரம் கட்டுகிற பண்டிங் (செங்குத்தாகத் தொங்குகிற பதாகை), பேனருக்கும் நகராண்மைக் கழக அனுமதி உண்டு, முன்வைப்புத் தொகை உண்டு. விழா முடிந்ததும் கழற்றாவிட்டால் அந்தத் தொகை திரும்பாது, யார் கழற்றுவது என்பதையும் தாளில் எழுதிவிடுங்கள்.

கோயில் மலர், ஆண்டு விழா இதழ் என்று புத்தகமாக வந்தால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ளே இருக்க வேண்டும், 1984 அச்சகச் சட்டம் கேட்பது. தமிழில் மட்டும் போட்டால் போதாது. நாட்டுச் சின்னம், அரச முத்திரை இவற்றை ‘பார்க்க அழகாக இருக்கிறது’ என்று மூலையில் வைக்கச் சொல்வார்கள், 1963-இலேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. வைக்காதீர்கள்.

6. தேசிய வட்டத்துக்குள் கால் வைக்க

கிராஃபிக் டிசைனர்களுக்கு ‘விரேகா’ என்ற சங்கம் இருக்கிறது. பொருள்களின் வடிவமைப்புக்கு மலேசிய வடிவமைப்பு மன்றம், 1993-இல் அமைந்தது, நல்ல வடிவமைப்புக்கான ‘குட் டிசைன் மார்க்’ தருகிறவர்கள் அவர்கள்தான். கலைத் திட்டங்களுக்கு மானியம் தேடுபவர்கள் சென்டானா (கலாசாரப் பொருளாதார மேம்பாட்டு முகமை) அறிவிப்புகளைக் கவனியுங்கள். இந்த மாதிரி இடங்களில் விண்ணப்பிக்கும்போதெல்லாம் மேலே 1, 2-இல் சேர்த்த அதே தாள்களைத்தான் கேட்பார்கள், ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் போட்டு வைத்தால் கடைசி நேரத்தில் ஓட வேண்டாம்.

வேலைத் தொகுப்பை 10, 12 பக்கத்துக்கு மேல் நீட்டாதீர்கள். நான் முதலில் அனுப்பியதில் காப்பிக் கடை, சோப்புக் கட்டி என்று இல்லாத வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் லோகோ செய்து வைத்திருந்தேன், கோயில் பேனர்களை வெட்கப்பட்டு மறைத்துவிட்டேன். சந்திக்கப் போன இடத்தில் ஒரு மூத்த டிசைனர் என் கைப்பேசியில் இருந்த தேர்த் திருவிழாப் பண்டிங்கைப் பார்த்துவிட்டு, இதை ஏன் உள்ளே வைக்கவில்லை என்று கேட்டார். தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம் நான்கும் ஒரே பலகையில் இடித்துக்கொள்ளாமல் உட்கார வேண்டும் என்பது நம் நாட்டு டிசைனர்களின் தினசரித் தலைவலி, தமிழை உட்கார வைக்கத் தெரிந்த ஆள் என்று காட்டினால் அவர்களே பேச்சை நீட்டுவார்கள்.

போட்டிகளில் ஒரு கண்ணி. ‘அனுப்பப்படும் எல்லாப் படைப்புகளும் ஏற்பாட்டாளருக்கே சொந்தம்’ என்று விதிமுறையின் கடைசியில் இருக்கும். ஜெயித்தவருடையது மட்டும் இல்லை, எல்லாருடையதும். 500 ரிங்கிட் பரிசுக்கு நூறு லோகோ இலவசம். அனைத்துலக வடிவமைப்பு மன்றமே காசில்லாத இந்த மாதிரி வேலைக்கு எதிராகத்தான் நிற்கிறது. விதிமுறையைப் படித்துவிட்டு, அந்த வரி இருந்தால் விட்டுவிடுங்கள்.

கூட்டங்கள் பெரும்பாலும் கோலாலம்பூரில்தான். ஈப்போவில் இருந்து இ.டி.எஸ். ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம், சனிக்கிழமை காலை போய் இரவு திரும்பிவிடலாம். டிக்கெட்டைப் பள்ளி விடுமுறை வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

7. வரியும் சொக்சோவும்

சம்பளக்காரர்களுக்கு போராங் பி.இ., தொழில் வருமானம் உள்ள நமக்கு போராங் பி. கடைசி நாள் ஜூன் 30, இணையத்தில் அனுப்பினால் வழக்கமாக ஜூலை 15 வரை விடுவார்கள். லாபம் குறைவு, வரி வராது என்றாலும் போராங் அனுப்ப வேண்டும். ரசீதுகளை 7 வருஷம் வைத்திருக்க வேண்டும். பிரிண்டிங் கடைகள் தருகிற அந்த மெல்லிய தாள் ரசீது ஆறு மாசத்தில் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும், வாங்கிய அன்றே படம் எடுங்கள்.

சுயதொழில் செய்பவர்களுக்கும் சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) உண்டு, 2017-ஆம் ஆண்டுச் சட்டம். மிகக் குறைந்த திட்டம் மாதம் 13 ரிங்கிட் 10 சென். ஏணி மேல் ஏறிப் பேனர் கட்டப் போகிறவர்கள் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

எனக்கு எஸ்.எஸ்.எம்.-க்கு 70 ரிங்கிட், ரப்பர் முத்திரைக்கும் ஈப்போ போய்வந்ததற்கும் கொஞ்சம் காசு, மொத்தம் மூன்று வாரம். அதில் ஒரு வாரம் வெள்ளிக்கிழமைக் கூத்து. தீபாவளி வேலைக்குக் கோலாலம்பூரில் ஆள் தேடத் தொடங்குவது ஜூலை, ஆகஸ்டில். அதற்குள் 1, 2, 4 மூன்றும் உங்கள் கோப்புறையில் இருக்கட்டும்.